சிவப்புச் சாவியும் மூன்று முறை எரிந்த டைனமோவும்

1. பஸ்ஸில் வந்த நோயாளி

மூன்றாவது முறையும் அது யூரியா சாக்கில்தான் வந்து சேர்ந்தது. புதுச்சேரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸின் கண்டக்டர் அதை என் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, “யக்கா, உன் ஆளு மறுபடியும் வந்துட்டாரு” என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். சாக்கைப் பிரிக்கும் முன்பே எரிந்த வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் இந்த வருடம் எங்களை வந்து பார்த்ததைவிட இந்த ஆல்டர்னேட்டர் அதிக முறை வந்து பார்த்திருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆல்டர்னேட்டருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்ததும், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த என் வீட்டுக்காரர், “வூட்டுல சும்மா கீறதுக்கு எதுனா செய்யேன் ஸ்டெல்லா” என்றார். அவர் தையல் மெஷினை மனதில் வைத்துச் சொன்னார். நான் ஆல்டர்னேட்டரை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச் வாங்கினேன். துருகம் ரோட்டில் கடை போட்டேன். இன்று வரைக்கும் புது ஆள் யாராவது வந்தால் என் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “மெக்கானிக் இல்லீங்களா?” என்றுதான் கேட்பார்கள். “டீ குடிக்கப் போயிருக்காரு, நீங்க பானெட்டைத் தொறங்க” என்று சொல்லிவிட்டு நானே கழற்றி விடுவேன். வேலை முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆகும்போதும் அந்த மெக்கானிக் டீ குடித்து முடித்திருக்க மாட்டார்.

ஆல்டர்னேட்டரை எங்கள் பக்கத்தில் டைனமோ என்றுதான் சொல்வார்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுற்றி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான் அது. எனக்கு வருகிற டைனமோக்களில் பாதி வெள்ளிமலை ஜீப்புகளுடையவை. கல்வராயன் மலை ரோட்டில் அந்த ஜீப்புகள் படுகிற பாட்டுக்கு, மாதம் ஒரு தடவை அவை என்னிடம் வந்து அழ வேண்டும். ஆனால் வராது. சேறு அப்பி, பெல்ட் கிழிந்து, டெர்மினலில் பச்சைக் களிம்பு படிந்து, டிரைவர்களின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு, வருடக்கணக்காக உழைக்கும். யாரும் கவனிக்காத பிள்ளைதான் நன்றாகத் தேறும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த யூரியா சாக்குக்காரரின் கதை நேர் எதிர். இவர் பாய்மரப் படகிலிருந்து வருகிறவர்.

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது. அதனால்தான் முதல் தடவை இது வந்தபோது கடை முன்னால் சின்னக் கூட்டம் கூடியது. எதிர் டீக்கடைக்காரர், “இன்னாக்கா, அந்தப் பாய்மரப் போட்ட கோமுகி டேம்ல வுடப் போறாங்களா?” என்று கேட்டார். விஷயம் இதுதான். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிற வரதராசு அண்ணாவுக்கு ஒரே மகள், எழில். புதுச்சேரியில் படிக்கப் போன இடத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய படகு ஒன்று விலைக்கு வந்தது. அப்பாவை அரித்து எடுத்து அதை வாங்க வைத்து, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகும் தொழில் தொடங்கினாள். பாய் இருந்தாலும், துறைக்குள் போகவும் வரவும் ஒரு சின்ன டீசல் எஞ்சின் வேண்டும். அந்த எஞ்சினின் டைனமோதான் நம் நோயாளி.

சாக்கு வந்த அன்றே எழில் போன் செய்தாள். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே பேசும் பெண்ணின் குரல் அன்று இறங்கியிருந்தது.

“ஆன்ட்டி, அப்பா சென்னையில ஒருத்தர்கிட்ட இந்தப் போட்ட விக்கறதுக்குப் பேசிட்டாரு. இன்னும் ஒருவாட்டி டைனமோ போச்சின்னா குடுத்துடுவேன்னு சொல்லிட்டாரு. போன வாரம் துறைக்குத் திரும்பற நேரத்துல ஒயர்லெஸ்ஸும் போச்சி, லைட்டும் போச்சி. நாலு பேரு உள்ள இருந்தாங்க. அப்பா பயந்துட்டாரு. எனக்கு இந்தப் போட்ட வுட்டா வேற ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி.”

2. உப்புக் காற்று, பெல்ட், அப்புறம் தெரியாது

முதல் தடவை வந்தபோது நான் மிகுந்த நம்பிக்கையோடு, “உப்புக் காத்து” என்றேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, மேலே இன்னொரு கோட் வார்னிஷும் அடித்து அனுப்பினேன். இரண்டாவது தடவை, “பெல்ட் டைட் ஜாஸ்தி” என்றேன். தெரியாததை உறுதியான குரலில் சொல்வது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. டாக்டர்களுக்கும் அப்படித்தான் என்று என் தங்கை சொல்வாள். அவள் நர்ஸ்.

மூன்றாவது தடவை பிரித்தபோது எனக்கே என் குரல் மேல் நம்பிக்கை போய்விட்டது. டைனமோவின் பின்பக்கம் டயோடு பிளேட் என்று ஒன்று இருக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் டயோடுகள் கரண்டை ஒரே பக்கமாகப் பேட்டரிக்கு அனுப்பும். வயதானால் ஒன்றோ இரண்டோ போகும். இதில் எல்லாமே மொத்தமாக வெடித்திருந்தன. வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டரும் காலி. அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் தொடர்பு அறுந்திருக்கிறது. டைனமோ தயாரிக்கிற கரண்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரி இருக்கும் வரை வோல்டேஜ் அடங்கி இருக்கும். திடீரென்று பேட்டரியை விலக்கினால், போக இடமில்லாமல் அது நூறு வோல்டுக்குக்கூடத் துள்ளும். கண் இமைக்கிற நேரம் போதும், டயோடு செத்துவிடும்.

எழிலிடம் கேட்டேன். “டெர்மினல் லூஸா இருக்குதா பாரும்மா. லூஸா இருந்தா ஆட்டத்துல வுட்டு வுட்டு சேரும்.”

வீடியோ எடுத்து அனுப்பினாள். அத்தனையும் இறுக்கமாக, கிரீஸ் தடவி, கோயில் விளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது.

“எஞ்சின் ஓடும்போது பேட்டரிய யாராச்சும் கழட்றீங்களா?”

“யாரு ஆன்ட்டி கழட்டுவா? நானும் இன்னொரு பையனும் மேல கயிறு கட்டிக்கினு இருப்போம். கீழ அப்பா மட்டும்தான். ஒரு ட்ரிப் வுடாம வந்துடுவாரு. அப்பா ரொம்ப கேர்ஃபுல்.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விடை இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது தடவையும் டயோடு மாற்றி, கம்பி சுற்றி முடித்தேன். இந்த முறை பஸ்ஸில் அனுப்பவில்லை. நேரிலேயே கொண்டுபோய் வரதராசு அண்ணாவிடம் கொடுத்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். காரணம் இருந்தது. தியாகதுருகம் சந்தையில் அவர், “அந்தம்மா சுத்தற டைனமோ நிக்க மாட்டேங்குது” என்று சொன்னதாக என் காதுக்கு வந்திருந்தது. ஜீப் டிரைவர்கள் திட்டினால் நான் கண்டுகொள்வதில்லை. சந்தையில் சொன்னால் கண்டுகொள்வேன்.

3. கேர்ஃபுல் மனிதர்

கச்சிராயபாளையம் தாண்டி, மலை கண் முன்னால் வந்து நிற்கும் இடத்தில் அவருடைய நிலம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வரதராசு அண்ணாவின் ஜாக்கிரதை கண்ணில் பட்டது. கிணற்றுக்குக் கம்பி வலை. மோட்டார் ஷெட்டுக்குப் பூட்டு. ஷெட் கதவில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: ‘மெயின் முதலில். கை பிறகு.’

நான் போனபோது அவர் கரும்புத் தோட்டத்திலிருந்து டிராக்டரில் வந்துகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். நான் நான்கு வார்த்தைகளையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு நின்றேன்.

டிராக்டரை நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கி, பின்பக்கம் சுற்றிப் போய், பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிவப்புச் சாவியைத் திருப்பினார். அப்புறம் மறுபடியும் ஏறி ஸ்டாப் கம்பியை இழுத்தார். எஞ்சின் நின்றது.

அந்தச் சாவி பேட்டரியைத் துண்டிக்கிற மெயின் சுவிட்ச். கேட்க வந்த நான்கு வார்த்தைகளையும் விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன்.

டீசல் எஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய டீசல் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்டே வேண்டாம். பேட்டரியைப் பிடுங்கினாலும் சந்தோஷமாக ஓடும். அதனால் செய்த காரியத்தின் விளைவு செய்தவருக்குத் தெரியவே தெரியாது. செத்தது டைனமோ மட்டும்தான். அதுவும் சத்தமில்லாமல்.

“அண்ணா, இந்த டிராக்டர் சார்ஜ் ஆவுதா?” என்று கேட்டேன்.

“எங்க ஆவுது? தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணிக்கினு கீறோம். இப்ப வர்ற டைனமோ எல்லாமே போகஸ்மா.”

“இந்தச் செவப்புச் சாவிய யாரு போட்டது?”

“நாந்தான். கம்பெனிக்காரன் போட மாட்டான். மெயின் இல்லாத மிஷினு எங்கூட்டுல கெடையாது.”

“போட்டுலயும் இதே மாதிரிதானா?”

“போட்டுல வாங்கும்போதே இருந்திச்சி. அதப் பார்த்துதான் அந்தப் போட்டு எனக்குப் புடிச்சிது” என்றார், பெருமையாக.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மூன்று தடவை என் பெஞ்சில் நான் குழம்பியதும், உப்புக் காற்றைத் திட்டியதும், பெல்ட்டைப் பழித்ததும் நினைவுக்கு வந்தன. மலை மேல் எதையும் கவனிக்காமல் ஜீப் ஓட்டுகிறவன் டைனமோ பிழைக்கிறது. உலகத்திலேயே மிக ஜாக்கிரதையான மனிதரின் கையால் இரண்டு டைனமோக்கள் ஒழுங்காகச் செத்துக்கொண்டிருக்கின்றன. சிரிப்போடு சிரிப்பாக விஷயத்தைச் சொன்னேன். “ஓடும்போது சாவியத் திருப்பாதீங்கண்ணா. மொதல்ல எஞ்சின நிறுத்துங்க. அப்புறம் மெயினு. அவ்ளோதான்.”

அவர் சிரிக்கவில்லை.

“போட்டுல எஞ்சின நிறுத்தறதுக்கு ஸ்டாப் கேபிளு அறுந்து போயி ரொம்ப நாளாச்சி. பலகையத் தொறந்து, எஞ்சின் மேல கீற லிவரக் கையால இழுக்கணும். மெயினு ஆன்ல இருக்கும்போது மிஷினு மேல கை வெக்கச் சொல்றியா?”

“பன்னெண்டு வோல்ட்டுதாண்ணா. ஒண்ணும் ஆவாது.”

இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் நேராகப் போய் மோட்டார் ஷெட்டைத் திறந்தார்.

4. ஷெட்டில்

“இங்கதான் எங்கண்ணன்” என்றார்.

வரதராசு அண்ணா அதிகம் பேசுகிறவர் இல்லை. சொன்னது கொஞ்சம்தான். அவருடைய அண்ணன் மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்கப் போனார். ஒழுங்காக மெயினை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். ஆனால் பக்கத்துக் கொட்டகைக்கு ஒரு பல்பு போடுவதற்காக யாரோ மெயினுக்கு முன்னாலிருந்தே ஒரு ஒயரைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த ஒயர் மோட்டார் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது. மெயின் கீழே இறங்கித்தான் இருந்தது. கரண்டு நிற்கவில்லை; அண்ணன் அங்கேயே போய்விட்டார்.

“அந்த ஒயரு போட்டவனும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொல்லியிருப்பான்” என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பைபிள் வாசிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். ஆறுதல் சொல்ல நிறைய வசனம் தெரியும். அவர் அண்ணன் நின்ற இடத்தில் நிற்கிறேனோ என்று தோன்றி, ஒரு அடி பின்னால் வந்தேன். நடந்து முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அவர் அந்த மெயின் பெட்டியை நேற்று நடந்தது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதில் எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. புத்தகத்தில் இந்தக் கோளாறுக்கு எளிய மருந்து ஒன்று உண்டு. டைனமோவிலிருந்து வரும் ஒயரை மெயின் சாவி வழியாகக் கொண்டுபோகாமல், ஒரு ஃபியூஸ் போட்டு நேராகப் பேட்டரிக்குக் கொடுத்துவிடலாம். பிறகு யார் எப்போது சாவியைத் திருப்பினாலும் பேட்டரியும் டைனமோவும் பிரியாது. படகுக்காரர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அன்று காலை இதே ஷெட்டுக்கு வராமல் இருந்திருந்தால் நானும் இதைத்தான் செய்து கொடுத்திருப்பேன்.

சும்மா கேட்டுப் பார்த்தேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே பதில் வந்தது.

“அப்படின்னா மெயின நிறுத்தின பொறவும் ஒரு ஒயர்ல கரண்டு இருக்கும். இல்லியா?”

“இருக்கும்ணா.”

“வேணாம்மா. போட்ட வித்துடறேன். அந்தப் புள்ள ரெண்டு நாளு அழுவும். அப்புறம் சரியாப் பூடும்.”

டைனமோவை அவர் வீட்டில் வைக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். எழிலின் படகைப் பிழைக்க வைக்கிற வழியும், அவருடைய அண்ணனைக் கொன்ற வழியும் ஒரே ஒயராக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும்போது, “என்னால் ஆகாது” என்று எழிலிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

5. ஒரு இரும்புப் பட்டை

இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. ஒரு வெள்ளிமலை ஜீப்பின் டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் மாற்றுகிறேன் என்று பழைய பிரஷையே திருப்பிப் போட்டு அனுப்பினேன். அது இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. நான் வரதராசு அண்ணாவின் விதியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். விதியில் தப்பே இல்லை. மெஷின் மேல் கை வைப்பதற்கு முன் மெயின் இறங்கியிருக்க வேண்டும். நியாயம்தானே? கோளாறு எங்கே என்றால், எஞ்சினை நிறுத்தவே கை வைக்க வேண்டியிருந்ததில். அறுந்த கேபிளைப் புதிதாகப் போட்டு, ஸ்டாப் பிடியை வெளியே, மெயின் சாவிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டால், எஞ்சின் மேல் யாரும் கை வைக்க வேண்டாம்.

ஆனால் பழக்கம் இருக்கிறதே. முப்பது வருடமாக முதலில் மெயினுக்குப் போகிற கை, புதுப் பிடியைப் பார்த்ததும் நின்றுவிடாது. அதனால் எழிலை அளவெடுத்து அனுப்பச் சொல்லி, தச்சூர் போகிற வழியில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போய் ஒரு இரும்புப் பட்டை செய்து வாங்கினேன். ஸ்டாப் பிடி உள்ளே இருக்கும்போது, அதாவது எஞ்சின் ஓடும்போது, இந்தப் பட்டை சிவப்புச் சாவிக்குக் குறுக்கே நிற்கும். சாவி திரும்பாது. பிடியை வெளியே இழுத்தால் எஞ்சின் நிற்கும், பட்டை விலகும், சாவி திரும்பும். இரண்டும் ஒரே கை வீச்சில் முடிந்துவிடும். மெயின் இறங்கிய பிறகு எந்த ஒயரிலும் எதுவும் இருக்காது. மெயினைச் சுற்றிப் போகிற ஒயரும் கிடையாது.

லேத்காரர் கேட்டார். “இன்னாத்துக்குக்கா இது?”

“போட்டுக்கு.”

“எந்தப் போட்டு? வெள்ளிமலையில வுடறாங்களே, அதுவா?”

“ஆமாம்” என்றேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பட்டை அடுத்த வாரம்தான் கிடைக்கும்.

6. தண்ணீர்

புதுச்சேரித் துறையில் நான் முதல்முறையாகப் படகில் ஏறினேன். டைனமோவையும் கேபிளையும் பட்டையையும் மாட்டி முடித்தேன். விற்பதற்கு முன் ஒரே ஒரு தடவை என்று எழில் கெஞ்சியதால் வரதராசு அண்ணாவும் வந்திருந்தார். எழில் கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

துறையைத் தாண்டியதும் அவர் வழக்கமான இடத்துக்கு, கீழே சாவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே ஜன்னல்கூடக் கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னார். “நான் எப்பவும் இங்கதாம்மா இருப்பேன். எதுனா ஆச்சின்னா மெயின யாரு நிறுத்தறது?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு ட்ரிப் விடாமல் வருகிறவர், ஒரு தடவை கூட மேலே போய்க் கடலைப் பார்த்ததில்லை.

எழில் மேலிருந்து, “பாய் போட்டுட்டோம்ப்பா, எஞ்சின நிறுத்துங்க” என்று குரல் கொடுத்தாள். அவர் கை நேராகச் சிவப்புச் சாவிக்குப் போனது. சாவி அசையவில்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடல் ஆட்டத்தில் வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று, புது ஸ்டாப் பிடியை விரலால் காட்டினேன். பிடியை இழுத்தார். எஞ்சின் நின்றது. சாவி தானாக வழிவிட்டது போல் திரும்பியது.

பையிலிருந்து டெஸ்டர் லைட்டை எடுத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். அவசரமே படவில்லை. எதிலும் விளக்கு எரியவில்லை. கடைசியில் டைனமோ ஒயரைத் தொட்டார். அதிலும் இல்லை. டெஸ்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“எஞ்சின மொதல்ல நிறுத்தினாத்தான் மெயினே நிக்குதா” என்றார். பிறகு, எனக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியாது: “இந்த மாதிரி ஒரு பட்டைய எங்கண்ணனுக்கு யாரும் அடிச்சிக் குடுக்கல.”

அப்போது அவர் போன் அடித்தது. சென்னைக்காரர். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. “ஆமாங்க… இல்லீங்க… போட்டு ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அதான் விக்கறாப்புல இல்ல.” போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ஏணியைப் பிடித்து மேலே ஏறினார். எழில் சுக்கானைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவர் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு பக்கமும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். கரை எங்கேயோ கோடாகத் தெரிந்தது.

“இவ்ளோ தண்ணி கீது” என்றார். “ஒரு மோட்டாரு போட ஆளு இல்ல பாரு.”

எழில் அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். திரும்பத் திரும்ப எரிந்து வருகிற சாமானைப் பெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அதை நிறுத்துகிற கையைப் போய்ப் பாருங்கள். தப்பாக நிறுத்துகிறது என்று தெரிந்தாலும் உடனே சிரித்துவிடாதீர்கள். அந்தக் கை ஏன் அப்படிப் போகிறது என்று கேளுங்கள். நான் சிரித்த பிறகுதான் கேட்டேன். வரதராசு அண்ணா என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். போன மாதம் டிராக்டரையும் கொண்டுவந்து, அதற்கும் ஒரு பட்டை வைத்துத் தரச் சொன்னார்.